ஆப்பிரிக்க மழைக்காட்டில் பனை இனங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

ஈரநிலம்:
பனைக் குடும்பத்தைப் (தென்னை, பாக்கு, பிரம்பு எல்லாம் இதில்தான்) பற்றிக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். உலகத்தில் ஏறக்குறைய 2,600 இனங்கள், பெரும்பாலானவை மழைக்காட்டில். சரி. ஆனால் இடம் இடமாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. போர்னியோ தீவில் மட்டும் சுமார் 300 இனங்கள். அமெரிக்க வெப்பமண்டலத்தில் 700க்கும் மேல். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும் சலித்தாலும் 70ஐத் தொடவில்லை! பக்கத்தில் இருக்கும் மடகாஸ்கரிலோ 200 அளவில் இருக்கின்றன, அநேகமாக எல்லாமே வேறெங்கும் இல்லாதவை. அமேசானுக்கு அடுத்த பெரிய மழைக்காடு காங்கோ படுகைதானே? அங்கே யாரும் சரியாகத் தேடவில்லையா, இல்லை நிஜமாகவே இல்லையா?

குருத்து:
தேடல் குறைவு என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. நான் ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) பனை மாதிரிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். மற்றச் செடி என்றால் பூவோடு ஒரு கிளையை ஒடித்துத் தாளுக்குள் வைத்து அழுத்திவிடலாம். பனையில் ஒரு மட்டையே ஆளைவிட நீளம். நுனியில் ஒரு துண்டு, நடுவில் ஒன்று, அடிக்காம்பில் ஒன்று என வெட்டி, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, முழு நீளம் எவ்வளவு, ஒரு பக்கத்தில் எத்தனை சிற்றிலை என்றெல்லாம் காட்டிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பாளை தனிக் கட்டு. பிரம்பாக இருந்தால் முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் பலர் பனையைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள். எங்கள் அலமாரிகளில் அடிக்காம்பு இல்லாத மாதிரிகள்தான் அதிகம், அவற்றை வைத்து இனத்தை உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஆனால் இந்தக் குறை எல்லாக் கண்டங்களுக்கும் பொது. பத்து மடங்கு வித்தியாசத்துக்கு இது காரணமாகாது. நிஜமாகவே அங்கே இனங்கள் குறைவு.

காரணம் பனையின் உடம்பிலேயே தொடங்குகிறது. பெரும்பாலான பனைகளில் ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. அது கருகினால் அந்தத் தண்டு போயிற்று. இலையுதிர்த்து உறங்கிக் கிடந்து மழை வந்ததும் துளிர்க்கும் வித்தை பனைக்கு வராது. பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு முழுக்க ஈரம் வேண்டும். மேற்கு அமேசானிலும் போர்னியோவிலும் பல இடங்களில் வறண்ட மாதமே இல்லை. காங்கோ படுகையில் பெரும்பகுதிக்கு ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் வரைதான் மழை, அதிலும் நடுவே வறண்ட மாதங்கள்.

இன்றைய மழை மட்டும் காரணம் இல்லை என்பது என் கருத்து. ஆப்பிரிக்காவின் பழைய படிவுகளில் பனை மகரந்தங்கள் பலவகையாகக் கிடைக்கின்றன. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகம் குளிர்ந்தபோது அவற்றில் பல மறைந்துவிட்டன. பின்னால் வந்த பனியுகங்களில் மழைக்காடு திரும்பத் திரும்பச் சுருங்கியது. இருந்தவை அழிந்தன, புதியவை பிரிந்து பெருகுவதற்கு நீண்ட அமைதியான காலம் கிடைக்கவில்லை.

வேர்முனை:
குருத்து சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இன எண்ணிக்கை வேறு, மர எண்ணிக்கை வேறு. அமேசானில் சுமார் 16,000 மர இனங்கள் இருக்கலாம் என்று 2013இல் ஒரு பெரிய ஆய்வுக் குழு மதிப்பிட்டது. அவற்றில் வெறும் 227 இனங்கள்தான் மொத்த மரங்களில் பாதி. அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பதே ஒரு பனை, யூடெர்பே பிரெகடோரியா. சதுப்பு நிலம் என்றால் மௌரிடியா ஃப்ளெக்ஸுவோசா என்ற பனை கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும், அங்கே மற்றப் பனை இனங்கள் சொற்பம். மேட்டுக்காட்டில் நேர்மாறு: இனங்கள் பல, ஒவ்வொன்றிலும் மரங்கள் சில. ஆப்பிரிக்காவிலும் ராஃபியா பனைச் சதுப்பைப் பார்த்தால் பனைக்குப் பஞ்சம் என்றே தோன்றாது.

ஈரநிலம்:
அருமை. அழிந்துபோன ஒன்று அங்கே இன்றைக்கு வளருமா? வளர்ந்தால், இப்போதைய தட்பவெப்பம் மட்டும் தடை இல்லை என்று ஆகிவிடுமே?

குருத்து:
நல்ல கேள்வி, அதற்கு ஒரு சாட்சியும் உண்டு: நிபா. அலையாத்திச் சேற்றில் வளரும் பனை, காய்கள் நீரில் மிதந்து பரவும். இதன் மகரந்தம் ஆப்பிரிக்காவின் பழைய படிவுகளில் இருக்கிறது. பிறகு காணாமல் போனது. 1906இல் சிங்கப்பூரிலிருந்து நைஜீரியாவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். இன்று நைஜர் கழிமுகத்தில் உள்ளூர் அலையாத்தி மரங்களை நெருக்கித் தள்ளும் அளவுக்குப் பரவிவிட்டது. இடம் இன்னும் அதற்கு ஏற்றதாகத்தான் இருக்கிறது, கடல் தாண்டித் தானாக வர வழியில்லாமல் போயிருந்தது. கழிமுகச் சேறு வேறு, உள்காடு வேறு, அதனால் எல்லாப் பனைக்கும் இதைப் பொருத்த வேண்டாம்.

ஈரநிலம்:
பிரம்புகளின் கதையும் இதேதானா?

குருத்து:
எண்ணிக்கையில் அதேதான். கலாமஸ் என்ற பிரம்புப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 400க்கு மேல் இனங்கள், ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஒன்றே ஒன்று, கலாமஸ் டீரேட்டஸ். ஆனால் லாக்கோஸ்பெர்மா, எரெமோஸ்பாதா, ஆன்கோகலாமஸ் என்று மூன்று பிரம்புப் பேரினங்கள் அந்தக் கண்டத்துக்கே உரியவை. இவற்றின் மாதிரி கிடைத்தால் மட்டையின் நுனி சாட்டையாக நீளும் இடத்தைப் பாருங்கள். ஆசியப் பிரம்புகளில் அந்தச் சாட்டையின் தோலிலிருந்து கொக்கி முட்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். ஆப்பிரிக்க மூன்றிலும் சிற்றிலைகளே சிறுத்து, விறைத்து, பின்னோக்கி மடிந்து இணை இணையாகக் கொக்கியாகியிருக்கும். தென் அமெரிக்காவின் டெஸ்மோன்கஸ் கொடிப்பனையும் இதே வழியில்தான் ஏறுகிறது, இவற்றோடு நெருங்கிய உறவு இல்லாமலேயே.