‘சேஞ்ச்’ என்பது சில்லறையா, மாற்றமா?

கேள்வி (தக்கலை):
நாகர்கோவில் செல்லும் பேருந்தில் நடத்துநர் ‘சேஞ்ச் இல்லையா?’ என்று கேட்டபோது, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், பருவநிலை மாறுவதற்கும் இதே சொல்தானே வருகிறது என்றாள். மாற்றத்தைக் குறிக்கும் சொல் சில்லறைக்கு எப்படி வந்தது? மீதிப் பணத்துக்கும் இதே சொல்தானா?

பதில் (மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்):
பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் மூலமான பிற்கால லத்தீன் ‘காம்பியாரே’, ஒன்றைக் கொடுத்து வேறொன்றை வாங்குவதைக் குறித்தது. ஆகவே பணம் மாற்றுவது அதன் வேருக்கு அந்நியமான பொருளன்று. நம் ‘மாறு’ என்ற வினையும் அப்படித்தான். பண்டமாற்று, கைமாற்று, கைம்மாறு ஆகியவற்றில் கொடுக்கல் வாங்கலே நிற்கிறது.

மீதிக்கும் அதே சொல்தான். 100 ரூபாய் கொடுத்து 82 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் திரும்பி வரும் 18 ரூபாயை நாம் மீதி அல்லது பாக்கி என்போம். 100 ரூபாய்த் தாளைப் பத்து ரூபாய்த் தாள்களாகப் பெற்றால் அது சில்லறை. நாம் பிரித்துச் சொல்லும் இவ்விரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. பணத்தைக் குறிக்கையில் அது எப்போதும் ஒருமையே. ‘சேஞ்சஸ்’ என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது வேறோர் இடத்தில். ‘மாறியது’, ‘மாற்றினான்’ என்று தமிழில் வினையே வேறுபடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘சேஞ்ச்டு’ போதும். இலையின் நிறம் தானாக மாறியதைச் சொல்லும்போது ‘வாஸ் சேஞ்ச்டு’ என்று எழுதினால், யாரோ மாற்றியதாகப் பொருள்படும். முப்பது ஆண்டுகளாக நான் சிவப்பு மையால் திருத்திய பிழை இது.

பதில் (பத்மநாபபுரம்):
ஆசிரியர் ஐயா சொன்ன கொடுக்கல் வாங்கலுக்கு நம் ஊர்ச் சான்றே உண்டு. திருவிதாங்கூர் ஆட்சியில் இங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழி வழியாக வந்தவர்களுக்குச் சில்லறை வாங்குவதும் நாணயம் மாற்றுவதும் ஒரே வேலையாக இருந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி ஐயா. அந்த அரைச் சக்கரத்தை எப்படிக் கொடுத்தார்கள் என்று மகள் கேட்கிறாள்.

பதில் (பத்மநாபபுரம்):
எட்டுக் காசாக. அதற்குத் தனிச் செப்பு நாணயமே இருந்தது, மகளே.