போன் ஓடுகிறது, சாஃப்ட்வேரில் மட்டும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி தெரியவில்லை: உங்களுக்கு எங்கே இடித்தது?

தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். துறைமுகம் பக்கத்திலேயே என்பதால் காலையிலிருந்து போன் ஓயாது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு எண்) ஒதுக்க, அலுவலகப் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டியின் சாஃப்ட்வேரைக் கணக்குப் பார்க்கும் அக்கா திறந்தால் பட்டியல் காலி, பெட்டியே தெரியவில்லை. பராமரிப்புக்கு வருபவர் பார்த்துவிட்டு, "பெட்டியோட சர்க்யூட் போர்டு போயிடுச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

உள்ளே எக்ஸ்டென்ஷன் பேசுகிறது, வெளி லைனும் பேசுகிறது. பிறகு எப்படி போர்டு போகும்? எனக்குக் கோபம் வருவதே இந்த இடத்தில்தான். சின்ன அலுவலகத்துக்கு ஒரு போர்டின் விலை பெரிய பணம்.

பெட்டியின் லேன் போர்ட்டில் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) விளக்கு எரிந்தது. அக்காவின் கம்ப்யூட்டரில், அதன் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தேன்: 192.168.1.23. பெட்டியின் முகவரியோ, பழைய இன்ஸ்டலேஷன் தாளில் 192.168.42.1. விசாரித்தால், சமீபத்தில்தான் பிராட்பேண்ட் ரவுட்டரை மாற்றியிருக்கிறார்கள். பழையது 42 வரிசையில் முகவரி கொடுத்தது, புதியது 1 வரிசையில் கொடுக்கிறது. பெட்டிக்கு மட்டும் கையால் போட்ட அதே முகவரி. ஒரே சுவிட்சில் செருகியிருந்தாலும் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். சாஃப்ட்வேரின் தேடல் பெட்டியின் காதில் விழுந்தாலும், பதில் அனுப்ப அதற்கு வழி கிடையாது.

என் லேப்டாப்புக்கு 192.168.42.50, மாஸ்க் (எதுவரை ஒரே நெட்வொர்க் என்று சொல்லும் எண்) 255.255.255.0 என்று கையால் போட்டு அதே சுவிட்சில் செருகினேன். தேடியதும் பெட்டி தன் பெயரோடு வந்து நின்றது. "இவ்ளோதானா தம்பி?" என்றார் அக்கா.

அப்புறம் கான்ஃபிகரேஷனை பேக்கப் எடுத்துவிட்டு, அலுவலகம் முடிந்த பிறகு பெட்டியை 192.168.1.250-க்கு மாற்றினேன். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் வரம்புக்கு அது வெளியே. அங்கே ஐபி போன்கள் (நெட்வொர்க் கேபிளிலேயே ஓடும் போன்கள்) இல்லை. இருந்தால் கவனம், அவை பழைய முகவரியையே தேடிக்கொண்டு நிற்கும். பெட்டிக்குள்ளும் டிஹெச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் வசதி) ஓடுகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். ஒரே கம்பியில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால் அலுவலகம் முழுக்கக் குழப்பம்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ராயபுரத்திலிருந்து:

அண்ணா, எனக்கு நேர் எதிர். பிங் (ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் அருமையாகப் பதில் வருகிறது, சாஃப்ட்வேர் மட்டும் இணையவில்லை. சந்தேகப்பட்டு பெட்டியின் லேன் கேபிளை உருவிவிட்டு பிங் அடித்தேன். அப்போதும் பதில் வந்தது! ஏஆர்பி -ஏ கட்டளை அடித்து, அது காட்டிய மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி எண்) பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால், இரண்டும் வேறு. கேமரா போட்டவர்கள் அதே முகவரியை சிசிடிவி டிவிஆருக்கு (கேமராக் காட்சியைப் பதிவு செய்யும் கருவி) கொடுத்திருக்கிறார்கள். டிவிஆரின் முகவரியை மாற்றியதும் தீர்ந்தது. கேபிளை உருவிப் பார்க்கும் இந்தச் சோதனையை எல்லாரும் செய்யுங்கள், காசே கிடையாது.

மாதவரத்திலிருந்து:

எங்கள் குடோனில் காரணம் கம்ப்யூட்டரின் ஃபயர்வால்தான் (வெளித் தொடர்பைத் தடுக்கும் காவல்). ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் (நம்பக்கூடாத நெட்வொர்க்) என்று வைத்துவிட்டது. பிரைவேட் ஆக்கி, அந்த சாஃப்ட்வேருக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துப்போட்டுப் போய்விடாதீர்கள்.

காசிமேட்டிலிருந்து:

கடல் காற்றையும் மறக்காதீர்கள். ஐஸ் கம்பெனி ஒன்றில் இணைப்பு வரும், போகும். பிங் -டி (நிறுத்தும் வரை தொடர்ந்து பிங்) போட்டுவிட்டு கேபிளை லேசாக அசைத்தால் நடுநடுவே டைம்ட் அவுட். ஜாக்கைக் கழற்றிப் பார்த்தால் ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. இருமுனையிலும் புது ஜாக் கிரிம்ப் செய்தேன், சுவரில் இருந்த சாக்கெட்டையும் மாற்றினேன்.

எண்ணூரிலிருந்து:

பாரிமுனை அலுவலகத்துப் பெட்டியை இங்கிருந்து விபிஎன் (இன்டர்நெட் வழியே அலுவலக நெட்வொர்க்கில் சேரும் வசதி) வழியாகப் பார்க்க முடியுமா? பிங் வருகிறது, தேடினால் வரவில்லை.

எண்ணூர் நண்பருக்கு:

முடியும். தானாகத் தேடுவது பிராட்காஸ்ட், அதாவது நெட்வொர்க்கில் எல்லாருக்கும் கேட்கக் கூப்பிடுவது, சாதாரணமாக அது ரவுட்டரைத் தாண்டாது. தேடும் இடத்தில் பெட்டியின் முகவரியை நேரடியாக டைப் செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால், அந்த சாஃப்ட்வேரின் போர்ட்டுகள் (அது பேசும் வாசல் எண்கள்) விபிஎன்னில் திறந்திருக்கின்றனவா, பெட்டியில் கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.