கடல்மீன் தொட்டியிலை கல்லுச் சுவர் வடிவாத்தான் இருக்கு, பின்னாலை சேறு. குலைக்கிறதோ, விடுறதோ?

வட்டக்கச்சி உப்புத்தண்ணி:
வணக்கம். கப்பியும் கோல்ட் பிஷ்ஷும் வளர்த்துப் பழகின கை, கடல்மீன் தொட்டி இதுதான் முதல். நீளம் 4 அடி, அகலம் 1½ அடி, உயரம் 2 அடி. கீழை தண்ணி சுத்தமாக்கிற சின்னத் தொட்டி (சம்ப்), அழுக்கை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மர் இருக்கு. காய்ஞ்ச கல்லு ஒரு 30 கிலோ வாங்கிப் போட்டனான். ஐஞ்சு மாதம் ஆகுது.

கல்லைப் பின்கண்ணாடியோடை சாத்தி, இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரை வரைக்கும் சுவர் மாதிரி அடுக்கி, நடுவிலை ஒரு வளைவு. உச்சிக்கல்லு தண்ணி மட்டத்துக்கு இரண்டு இஞ்சி கீழை. வீட்டுக்கு வாற சனம் நிண்டு பாத்திட்டுத்தான் தேத்தண்ணியே குடிக்கும். அந்த வளைவுக்காக இரண்டு இரவு முழிச்சனான்.

இப்ப கல்லடி மணலிலை கருஞ்சிவப்பா வழுவழுவெண்டு ஒரு ஆடை. உறிஞ்சி எடுத்தால் மூண்டு நாளிலை திரும்ப நிக்குது. கிழமைக்கு 15 வீதம் தண்ணி மாத்திறன், கழிவாலை சேருற நைட்ரேட் 40ஐ விட்டு இறங்குதில்லை. போன கிழமை வலப்பக்கக் கல்லு ஒண்டு ஒரு விரல் சரிஞ்சு கண்ணாடியிலை சாய்ஞ்சிட்டுது. பிஸ்டல் றாலும் கோபி மீனும் சோடியா அதுக்குக் கீழைதான் குடியிருக்குதுகள். தண்ணியை ஓடவைக்கிற வேவ்மேக்கர் இரண்டு, இரண்டும் இடப்பக்கம்.

குலைக்காமல் திருத்த வழி இருக்கோ? "கோபுரத்தைக் கட்டிப்போட்டு இப்ப ஏன் முழிக்கிறியள்" எண்டு மனுசி சிரிக்கிறா.

முல்லைக்கரை:
தம்பி, முதல் இரண்டு விசயம் சொல்லும். கல்லு மணலுக்கு மேலை இருக்கோ, அடிக்கண்ணாடியிலை இருக்கோ? இரவு லைட் நூத்தின பிறகு பக்கத்தாலை டோர்ச் அடிச்சுப் பாத்தீரோ, சுவருக்குப் பின்னாலை என்ன கிடக்கெண்டு?

வட்டக்கச்சி உப்புத்தண்ணி:
மணலுக்கு மேலைதான் அண்ணை. இரண்டு இஞ்சி மணல். டோர்ச் அடிச்சன். பின்னாலை சாம்பல் நிறத்திலை பஞ்சு மாதிரி ஒரு படை, கல்லிடுக்கு முழுக்க. சேறு உறிஞ்சுற சைபன் குழாய் போகவே இடமில்லை.

செட்டிகுளம் பெடியன்:
கல்லை வெளியிலை எடுத்துக் கழுவிப்போட்டு அப்பிடியே திரும்ப வையுங்கோ. உடைஞ்சால் கரையிலை பவளக்கல்லு சும்மா கிடக்குமே, நாலைப் பொறுக்கினால் சரி.

முல்லைக்கரை:
பெடியன், உந்த வேலையை மட்டும் செய்யாதையும். கரையிலை பவளம் எடுக்கிறது இலங்கையிலை சட்டப்படி குற்றம். தெற்கிலை சுண்ணாம்புச் சூளைக்கெண்டு பவளப்பாரைத் தோண்டின இடங்களாலை 2004இலை கடல் எவ்வளவு தூரம் உள்ளுக்கு வந்ததெண்டு ஆய்வு செய்த ஆக்கள் எழுதியிருக்கினம். முல்லைத்தீவுக்காரனுக்கு அதை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கல்லு காணாட்டி யாழ்ப்பாணத்து வீடு கட்டுற சுண்ணக்கல்லிலை ஒரு துண்டை அடிக்கல்லா மறைச்சு வைக்கலாம். தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கவேணும், செம்மண் நிறத்திலை துருக்கோடு இருக்கக்கூடாது. ஆனால் அது இறுகின கல்லு, கழிவை மாத்திற பக்டீரியா குடியிருக்கத் துளை காணாது. முழுத் தொட்டிக்கும் அது சரிவராது.

வட்டக்கச்சித் தம்பி, உம்மடை சுவர் குலையத்தான் வேணும். செம்பாசி வாறது ஓட்டம் இல்லாத இடத்திலை, சாப்பாட்டுக் கழிவு தங்கிற இடத்திலை. ஒன்றரை அடி அகலத்திலை பின்னுக்குச் சுவர் கட்டினால் தண்ணி முன்னாலை மட்டும் ஓடும், பின்னாலை குப்பைக்கிடங்கு. நைட்ரேட் அங்கையிருந்துதான் ஊறுது. சரிவுக்குக் காரணம் றால். அது மணலைத் தோண்ட மேலை நிக்கிற கல்லு இறங்கும். இரவு மூண்டு மணிக்கு அந்தக் கல்லு கண்ணாடியை உடைக்கேக்கை 340 லீற்றர் உப்புத்தண்ணி உம்மடை விறாந்தையிலை நிக்கும்.

பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையிலை உம்மடை கை, கையிலை சைபன் குழாயோடை போய் வரவேணும். அதுதான் அளவு, இஞ்சிக் கணக்கு வேண்டாம். அடிக்கல்லு அடிக்கண்ணாடியிலை இருக்கட்டும், மணலை அதுக்குப் பிறகு சுத்திவரப் போடும்.

ஓமந்தை அக்கா:
வளைவை விடச்சொல்லி நான் சொல்லமாட்டன் தம்பி, அதை நடுவிலையிருந்து தள்ளச் சொல்லுறன். நீளத்தை ஐஞ்சாப் பிரிச்சு, இடப்பக்கத்தாலை மூண்டாவது பங்கு முடியிற இடத்திலை உயரமான திட்டு. மற்றப் பக்கம் தாழ்ந்த சின்னத் திட்டு. இரண்டுக்கும் நடுவிலை வெறும் மணல், ஒரு சாண் அகலம். அந்த வெறுமைதான் தொட்டியைப் பெருசாக் காட்டும். என்ரை முதல் தொட்டியும் உங்கடையைப் போலத்தான், பலசரக்குக் கடைத் தட்டு மாதிரி நிறைச்சு வைச்சிருந்தனான்.

உச்சி தண்ணி மட்டத்துக்கு ஆறேழு இஞ்சி கீழை நிக்கட்டும். இப்ப கல்லு மட்டும்தான், பேந்து பவளம் வளரும். யூபிலியா மாதிரிப் பவளங்கள் இரவிலை கொடுக்கு நீட்டிப் பக்கத்திலை இருக்கிறதைச் சுடும், அதுக்கும் இடம் விடுங்கோ. பொந்து வைச்சால் இரண்டு வாசல் வையுங்கோ, இல்லாட்டி பெரிய மீன் சின்னனை உள்ளை மறிச்சுப்போடும்.

தொட்டிக்குள்ளை வைச்சு யோசிக்காதேங்கோ. முத்தத்துச் சீமெந்திலை சோக்காலை 4க்கு 1½ அடி கீறி, உரச்சாக்கை விரிச்சு அதிலை அடுக்கிப் பாருங்கோ. கல்லு காயவிடாதேங்கோ, அதிலை இருக்கிற உயிர் செத்தால் அமோனியா ஏறும். தொட்டித் தண்ணியையே வாளியிலை எடுத்து நனைச்சுக்கொண்டிருங்கோ.

ஒட்டுறதுக்குச் சூப்பர் குளூ ஜெல் தனிய நிக்காது. ஜெல், நடுவிலை எபொக்சி உருண்டை, திரும்ப ஜெல். வளைவுக்குத் துளை போட்டு அக்ரிலிக் கம்பி செருகுங்கோ. இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், செம்பு றாலைக் கொல்லும்.

முல்லைக்கரை:
அக்கா சொன்னதோடை ஒண்டு. ஒரே நாளிலை எல்லாத்தையும் கிளறாதையும். இந்தக் கிழமை வலப்பக்கம், அடுத்த கிழமை மற்றது. கல்லு தூக்கத் தூக்கச் சேறை உறிஞ்சும். வேவ்மேக்கர் ஒண்டை வலப்பக்கம் மாத்திப் பின்னாலை ஓடவிட்டு, ஒரு சிட்டிகை சாப்பாட்டுத் தூளைப் போட்டு அது எங்கை தங்குதெண்டு பாரும். எங்கடை வெக்கைக்குச் சூடான தண்ணியிலை ஒட்சிசன் குறைவு. கரண்ட் நிண்டால் சேறு இருக்கிற தொட்டிதான் முதல் சாகும். பற்றரி ஏர்பம்ப் ஒண்டு வாங்கி வையும்.

வட்டக்கச்சி உப்புத்தண்ணி:
பதினேழு நாள் கழிச்சு எழுதுறன். குலைச்சாச்சு.

வலப்பக்கம் தூக்கேக்கை பின்னாலை வந்த சேறு ஒரு பால்மாப் பேணி நிறைய. அழுகின முட்டை மணம் வீடு முழுக்க, மனுசி பின்வளவுக்குப் போயிட்டா. மணலைக் கிளறாமல் சைபனாலையே எடுத்தன். அமோனியா இரண்டு நாள் கொஞ்சம் காட்டினது, 60 லீற்றர் மாத்தினன், இறங்கிட்டுது. உப்புக் கரைக்க ஊர் ஆர்ஓ தண்ணிதான் எடுக்கிறனான்.

வளைவு முதல் தரம் கையிலையே கழண்டுது, கல்லிலை வழுவழுப்பு இருந்தபடியால். பல்லுத் தூரிகையாலை உரசிப்போட்டு ஒட்ட நிண்டிட்டுது. நைட்ரேட் இப்ப 20. செம்பாசி இடப்பக்க மூலையிலை மட்டும் ஒரு உள்ளங்கை அளவு இருக்கு. றால் சோடி புதுத் திட்டுக்குக் கீழை போய்க் அடிக்கண்ணாடி வரைக்கும் தோண்டிப் பாத்திட்டுதுகள், கல்லு அசையேல்லை.

ஒரு கேள்வி மிச்சம். எட்டுக் கிலோ கல்லு வாளிக்குள்ளை கிடக்கு. வித்துப்போடட்டோ?

ஓமந்தை அக்கா:
விக்காதேங்கோ. சம்புக்குள்ளை தண்ணி ஓடுற இடத்திலை போடுங்கோ, பக்டீரியா வேலை செய்யும். அங்கை வடிவு தேவையில்லை, நிறைச்சு அடுக்காமல் மட்டும் விடுங்கோ.

வட்டக்கச்சி உப்புத்தண்ணி:
போட்டாச்சு அக்கா. அதிலையும் ஒரு வளைவு வந்திட்டுது, நான் வேணுமெண்டு வைக்கேல்லை.