ரவுண்டானாவில் பைக் ஓட்டும்போது எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். கோவை லாலி ரோடு ரவுண்டானாவை நாள்தோறும் 125 சிசி வண்டியில் கடக்கிறேன். நேராகச் செல்ல வேண்டியவன் என்றாலும், பாதுகாப்பு என்று எண்ணி இடது ஓரத்தை ஒட்டியே சுற்றுகிறேன். நேற்று இடப்புறம் திரும்பிய பேருந்து ஒன்று என்னை நடைபாதை விளிம்பு வரை நெருக்கிவிட்டது. என் பிழை என்ன?

மறுமொழி:
நீங்கள் இருந்த இடம்தான் பிழை, நண்பரே. பேருந்து இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை, உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் இருப்பவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிவதும் அரிது. பேருந்துக்கு இடப்பக்கம் நுழையாமல், அதன் பின்னால் தங்கித் தடத்தின் நடுவில் செல்லுங்கள். நீங்கள் வெளியேறும் சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டரைப் போட்டு, தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகே விலகுங்கள்.

மறுமொழி:
மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017இன்படி, ஏற்கெனவே வட்டத்துக்குள் இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. அதை நம்பி ஓட்ட முடியுமா என்பது வேறு கதை.

மறுமொழி:
முதல் தூறலில் வளைவைக் கவனியுங்கள். சிந்திய டீசல் வானவில் நிறத்தில் மின்னும். வண்டி சாய்ந்திருக்கையில் அதன்மேல் முன்பிரேக்கைப் பிடித்து, முழங்கை தேய விழுந்தவன் நான். நுழைவதற்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்று பேருந்தின் பின்னாலேயே தங்கினேன். பின்னால் வந்த ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது, பரவாயில்லை.