‘ஆற்றுப்படுத்தல் தடை’யா, ‘வெளிவழி காட்டத் தடை’யா? – ஆப் ஸ்டோர் தகராறுக்கு ஒரு கலைச்சொல்

மயூர் விஹார் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

கணினி விளையாட்டு உருவாக்கம் பயிலும் தில்லித் தமிழ் மாணவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பில் கொடுக்க ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் அது அச்சுக்குப் போயாக வேண்டும். விளையாட்டு உருவாக்குநர்களுக்கும் ஆப் ஸ்டோர் உரிமையாளர்களுக்கும் இடையே நடக்கும் கட்டணத் தகராறுதான் பொருள். 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் கேம்ஸ் நிறுவனம் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் தன் சொந்தக் கட்டண வழியைத் திறந்து, அவ்வழியே வாங்குவோருக்கு 20 விழுக்காடு விலையைக் குறைத்தது, அன்றைக்கே ஆப்பிளும் கூகுளும் அவ்விளையாட்டைத் தம் கடைகளிலிருந்து நீக்கியது, எபிக் உடனே நீதிமன்றம் ஏறியது ஆகியவற்றை இடறலின்றி எழுதிவிட்டேன். சிக்கல் 2021 செப்டம்பர் 10 தீர்ப்பில் தொடங்குகிறது. ஆப்பிளுக்கு எதிரான பத்துக் கோரிக்கைகளில் ஒன்பதை நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்ட ஒன்று ‘ஆன்டி-ஸ்டீயரிங்’ விதியைப் பற்றியது.

“இதே பொருள் எங்கள் வலைத்தளத்தில் மலிவு” என்று விளையாட்டுக்கு உள்ளிருந்தே ஆட்டக்காரரிடம் சொல்லக் கூடாது, அங்கே கொண்டுசெல்லும் பொத்தானோ இணைப்போ வைக்கக் கூடாது என்று கடைக்காரர் உருவாக்குநருக்குப் போடும் கட்டுப்பாடே அந்த விதி. ‘வழிநடத்தல் எதிர்ப்பு விதி’ என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ கட்சிக்குள் தலைமைக்கு எதிராகக் கிளம்பிய கலகம் போல இருக்கிறது. நல்ல சொல் தாருங்கள். ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கான கமிஷன் என்பதை அப்படியே விடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கரோல் பாக் தமிழாசிரியர் எழுதியது:

அம்மையீர்,

ஈராயிரம் ஆண்டுகளாகக் கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறீர்கள்? ஆறு என்றால் வழி. வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்தல். வளம் பெற்றவன் அதைப் பெறாதவனை எதிர்கொண்டு, இன்ன வழியே சென்றால் இன்னாரிடம் இன்னது கிடைக்கும் என்று அறிவிப்பதைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஓர் துறையாகவே வகுத்திருக்கிறது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். ஆட்டக்காரரை மலிவான இடத்துக்குப் போகச் சொல்வது ஆற்றுப்படுத்தல் அன்றி வேறென்ன? ஆகவே ‘ஆற்றுப்படுத்தல் தடை’. புணர்ச்சி விதிப்படி எழுதுவதானால், கல்லும் தூணும் கற்றூண் ஆவது போல, இது ‘ஆற்றுப்படுத்தற்றடை’ ஆகும். அச்சில் அப்படியே வரட்டும்.

முனிர்க்கா வழக்கறிஞர் எழுதியது:

மதிப்பிற்குரிய ஐயா,

சொல்லின் அழகை மறுக்கவில்லை. ஆனால் ‘ஆற்றுப்படுத்தற்றடை’யை வகுப்பில் ஒரு மாணவர் படித்தால் ‘அற்ற தடை’ என்று பிரித்து, தடையே இல்லை என்றல்லவா பொருள் கொள்வார்? மேலும், இலங்கைத் தமிழர் உளவள ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்கிறார்கள். அவர்கள் இதைப் படித்தால் ஆப்பிள் ஆலோசனை மையங்களை மூடிவிட்டதாக எண்ணக்கூடும்.

இலக்கியப் பொருத்தத்திலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆற்றுப்படையில் வழி சொல்லும் பாணன் பரிசு பெற்று வருபவன், பரிசு கொடுக்கும் வள்ளல் வேறு ஆள். இங்கே வழி சொல்பவரும் உருவாக்குநர், போய்ச் சேரும் கடையும் அவருடையதே. வள்ளலே தெருமுனையில் நின்று தன் அரண்மனைக்கு வழி சொன்னால் அது விளம்பரம். வாடகைக் கடையில் பொருள் விற்பவர், வாங்க வந்தவரிடம் தன் சொந்தக் கடையின் முகவரிச் சீட்டைக் கொடுக்கக் கூடாது என்று கட்டட உரிமையாளர் சொல்வதற்கு ஒப்பானது இவ்விதி.

இது அமெரிக்கச் சொல் மட்டுமன்று. நம் ஊரிலேயே இருக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25 அன்று, பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் தண்டம் விதித்தபோது, இதே பெயரைச் சொல்லித்தான் இவ்வகை விதிகளைப் போடக் கூடாது என்று கட்டளையிட்டது. (மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் தண்டத்தை 216.69 கோடியாகக் குறைத்தது வேறு கதை.) உருவாக்குநர் தம் பயனர்களிடம் தம் செயலியையும் சலுகையையும் எவ்வகையிலும் எடுத்துச் சொல்லத் தடை கூடாது என்பது அக்கட்டளையின் சாரம். எனவே பொத்தான், இணைப்பு, மின்னஞ்சல், வெறும் வாய்ச்சொல் யாவும் சொல்லுக்குள் அடங்க வேண்டும். ‘வெளிக்கட்டண அறிவிப்புத் தடை’ என்று முதலில் நினைத்தேன். அறிவிப்பு என்றால் பொத்தான் விடுபடுகிறது. ‘வெளிவழி காட்டத் தடை’ எப்படி?

ஜனக்புரி நிரலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விளையாட்டு எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அலுவலகத்தில் நாங்கள் ‘ஸ்டீயரிங்’ என்போம், கமிஷனை ‘ஸ்டோர் கட்’ என்போம். மாணவர்கள் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் கேட்கப்போவதும் இவைதாம். ‘ஆன்டி-ஸ்டீயரிங்’ என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதாதா?

விளக்கத்துக்கு வேண்டுமானால் என் திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் விளையாட்டில் நூறு ரூபாய்க்கு ஒரு ரத்தினப் பெட்டி இருக்கிறது. கடை வழியே விற்றால் 30 ரூபாய் போகும். ஆண்டு வருவாய் பத்து லட்சம் டாலருக்குள் இருப்பவர்களுக்கு 2021 முதல் 15 ரூபாய். அந்தப் பெட்டிக்குக் கீழே ‘வலைத்தளத்தில் 85 ரூபாய்’ என்று சிறிய சாம்பல் நிற எழுத்தில் ஒரு வரி போட்டோம். பொத்தானும் இல்லை, இணைப்பும் இல்லை, வெறும் எழுத்து. ஒரு கடையின் சரிபார்ப்பில் அது திரும்பி வந்துவிட்டது. வரியை நீக்கிய பிறகே புதிய பதிப்பை ஏற்றார்கள். ஆகவே வழக்கறிஞர் சொல்வது சரி, அறிவிப்பு மட்டுமோ இணைப்பு மட்டுமோ அன்று. ஆனால் ‘வெளிவழி’ என்றதும் எனக்கு மெட்ரோ நிலையத்தின் வெளியேறும் வாயில்தான் கண்ணில் நிற்கிறது.

கரோல் பாக் தமிழாசிரியர் எழுதியது:

தம்பி நிரலருக்கு, ஸ்டீயரிங் என்று எழுதினால் மாணவர் மனத்தில் நிற்பது ஆட்டோ ரிக்‌ஷா. அதற்கு மெட்ரோவே மேல்.

கமிஷனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. சோழர் கல்வெட்டுகளில் அங்காடிப்பாட்டம் என்றொரு வரி உண்டு. அங்காடியில் கடை வைத்திருப்போர் செலுத்துவது. தட்டார் செலுத்தியது தட்டாரப்பாட்டம். மலையாளத்தில் பாட்டம் இன்றும் குத்தகையைக் குறிக்கும். ஆப் ஸ்டோர் அங்காடி என்றால் அதில் செலுத்துவது அங்காடிப்பாட்டம். இதைவிடக் கச்சிதமாக எந்தச் சொல் அமையும்? சுங்கத்தைப் பழந்தமிழ் உல்கு என்றது, திருக்குறளும் உல்குபொருள் என்கிறது. முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றது அவ்வுல்கை நீக்கியதால்தான். எபிக் நிறுவனத்தார் அறிந்திருந்தால் அவனுக்கு ஒரு சிலை எடுத்திருப்பார்கள். பாட்டம் பிடிக்காதவர்களுக்கு மேல்வாரம் இருக்கிறது: விளைச்சலில் நிலக்கிழாரின் பங்கு மேல்வாரம், உழுதவன் பங்கு குடிவாரம். முப்பதும் எழுபதும் அப்படியே பொருந்தும்.

முனிர்க்கா வழக்கறிஞர் எழுதியது:

ஐயா, நீங்கள் தந்த ஒவ்வொரு சொல்லும் வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. உல்கு என்றால் அதை வசூலிப்பவர் அரசர். உருவாக்குநர்கள் இதை ‘ஆப்பிள் வரி’ என்று ஏசும்போது சொல்வதும் அதையேதான். மேல்வாரம் என்றால் நிலம் கடைக்காரருடையது என்று ஒப்புக்கொண்டதாகும். தரகு என்றால் வாங்குபவரைக் கொண்டுவந்து சேர்த்ததற்கான கூலி. கூகுள் தன் பங்குக்குச் சேவைக் கட்டணம் என்கிறது, ஆப்பிள் கமிஷன் என்கிறது. இரண்டும் தற்செயலான தேர்வுகள் அல்ல.

பணம் எதற்காக என்பதே தகராறின் மையம். பணப் பரிமாற்றச் செலவுக்கென்றால், பரிமாற்றம் வெளியே நடந்த பிறகு ஒன்றும் வாங்கக் கூடாது. ஆனால் 2021 தீர்ப்பு, வெளி இணைப்புக்கான தடையை நீக்கச் சொன்னபோதே, ஆப்பிள் தன் தொழில்நுட்பத்துக்கு ஓரளவு ஈடு பெறலாம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் இரு தரப்பு மேல்முறையீடுகளையும் ஏற்க மறுத்ததும், வெளி இணைப்பு வழியே நடக்கும் விற்பனைக்கு ஆப்பிள் 27 விழுக்காடு கேட்டது. இந்தியாவில் மாற்றுக் கட்டண முறையைத் தேர்ந்தால் கூகுள் குறைப்பது 4 புள்ளிதான்: 30 என்பது 26, 15 என்பது 11. கட்டண வாயில் நிறுவனத்துக்குக் கொடுப்பதைக் கூட்டினால் உருவாக்குநருக்கு மிச்சம் ஏது? அமெரிக்காவில் அந்த 27 விழுக்காட்டை நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி, வெளி இணைப்பு விற்பனைக்குக் கமிஷனே கூடாது என்று அதே நீதிபதி 2025 ஏப்ரல் 30 அன்று உத்தரவிட்டார். இந்தக் கதையை எழுதும் கையேட்டில் ‘பாட்டம்’ என்றாலும் ‘வரி’ என்றாலும் தீர்ப்பை நாமே எழுதியதாகிவிடும். வெளிறிய சொல்தான் வேண்டும். கமிஷன் அப்படியே இருக்கட்டும்.

ஆர்.கே.புரம் மட்டுறுத்துநர் எழுதியது:

இழை நீண்டுவிட்டது. தனி மடலில் இருவர் பாட்டம் என்ற சொல்லின் வேரைத் திராவிட மொழிகள் அனைத்திலும் ஆராய்ந்து அனுப்பியிருக்கிறார்கள். அவற்றைத் தனி இழையாக இடுகிறேன், இங்கே வேண்டாம். வெள்ளி நாளை. ‘வெளிவழி காட்டத் தடை’க்கு மறுப்பு உள்ளவர்கள் இன்றிரவுக்குள் எழுதுங்கள்.

மயூர் விஹார் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் ‘வெளிவழி காட்டத் தடை’ என்றே இடுகிறேன். முதல் இடத்தில் மட்டும், நிரலர் கேட்டபடி, ‘ஆன்டி-ஸ்டீயரிங்’ என்பதும் வரும். அவர் சொன்ன சாம்பல் நிற வரியை, நிறுவனப் பெயரில்லாமல், எடுத்துக்காட்டாகச் சேர்க்கிறேன். விதியை விளக்க நான் எழுதியிருந்த அரைப்பக்கத்தைவிட அது தெளிவு. கமிஷனைக் கமிஷனாகவே விடுகிறேன். கூகுளின் சொல்லை மேற்கோளாகக் கொடுக்கும் இடத்தில் மட்டும் சேவைக் கட்டணம்.

கரோல் பாக் தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ‘காட்டத் தடை’ என்பது வாக்கியத்தின் துண்டு. பெயராக நிற்க வேண்டிய இடத்தில் வினையெச்சத்தைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். குறைந்தது ‘வெளிவழி காட்டல் தடை’ என்றாவது திருத்துங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். அமெரிக்காவில் அத்தடையை நீதிமன்றம் நீக்கியது என்று வழக்கறிஞரே எழுதியிருக்கிறார். நீங்கிய பின் விளையாட்டுக்குள் தைரியமாக வைக்கப்படும் அந்தப் பொத்தானுக்கு உங்களிடம் என்ன பெயர் இருக்கிறது? ‘வெளிவழி காட்டப் பொத்தான்’ என்பீர்களா? என்னிடம் ‘ஆற்றுப்படைப் பொத்தான்’ இருக்கிறது.

ஜனக்புரி நிரலர் எழுதியது:

ஐயா, அதற்கு ‘இங்கே வாங்க’ என்றுதான் எழுதுவோம்.