பிரியதத்தமா, அருள் நிறைந்தா?

தூத்துக்குடி மருமகள்:

எங்கள் வீட்டில் ராத்திரி ஏழரைக்குச் செபமாலை. ஏழரை என்பது பெயருக்குத்தான். அவர் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, பெரியவன் டியூஷனிலிருந்து வந்து சைக்கிளை வாசலில் சாத்தி, நான் குக்கரை இறக்கிவைத்துப் பாயில் உட்காரும்போது எட்டு தாண்டிவிடும். அத்தை மட்டும் ஏழே காலுக்கே மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி, முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் வருவதற்குள் அவர் பாட்டுக்கு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை ஒன்றை உருட்டி முடித்திருப்பார். பிறகு எங்களோடு இன்னொன்று.

அத்தைக்கு 82 வயது. பூசை முழுக்க லத்தீனில் நடந்த காலத்தில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையொட்டித்தான் பூசை தமிழுக்கு வந்தது. வீட்டுச் செபம் அதற்கு முன்பே தமிழ்தான். ஆனால் அது எப்படிப்பட்ட தமிழ் என்கிறீர்கள்! செபமாலையில் மணிக்கு மணி சொல்லும் மாதா செபத்தையே பாருங்கள்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே, ஸ்திரீகளுக்குள்ளே ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே..." இப்போது புத்தகத்தில் இருப்பது "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே, பெண்களுக்குள் ஆசி பெற்றவர் நீரே." நான் திண்டுக்கல் பக்கம். புதுச் செபம் சொல்லி வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை முதல் பாதி சொல்ல, பதில் பாதியை நான் "தூய மரியே, இறைவனின் தாயே" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், இன்னும் மறக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது என் மகளைப் பற்றி. நாலாம் வகுப்பு. இந்த வருடம் புதுநன்மைக்குத் தயாராகிறாள். நான் வேலைக்குப் போய்வந்த நாட்களில் பாட்டி மடியில் வளர்ந்தவள் என்பதால், அவளுக்கு வாயில் முதலில் வந்தது பிரியதத்தம்தான். ஞாயிறு மறைக்கல்வியில் செபங்களை ஒப்பிக்கச் சொன்னபோது அதையே கடகடவென்று சொல்லியிருக்கிறாள். "ஸ்திரீகளுக்குள்ளே" என்றதும் வகுப்பே சிரித்திருக்கிறது. சிஸ்டர், "அது தப்பு, புத்தகத்தில் உள்ளபடி படித்துவிட்டு அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "பாட்டி சொல்லிக்கொடுத்தது தப்பாம்மா" என்று ஒரே அழுகை. அத்தை உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். காதில் விழாமல் இருந்திருக்காது.

சிஸ்டர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலச் சொல்ல வேண்டாமா? கோயிலில் நூறு பேர் சேர்ந்து சொல்லும்போது ஆளுக்கொரு தமிழ் சொன்னால் சந்தை இரைச்சல்தான். ஆனால் "பழசு" என்று சொல்லியிருக்கலாம். "தப்பு" என்ற சொல்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதைச் சொல்லிச் செத்துப்போன எங்கள் கிழவிகள் எல்லாரும் தப்பாகவா வேண்டினார்கள்?

அன்றைக்கு ராத்திரி செபமாலை பெரிய கூத்து. மகள் பிடிவாதமாகப் புதுச் செபத்தில் முதல் பாதியைச் சொல்கிறாள். நாங்கள் "தூய மரியே" என்கிறோம். அத்தை "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று போகிறார். பழையது நீளம். நாங்கள் "இறப்பின் வேளையிலும்" என்று முடித்து அடுத்த மணிக்குப் போனபோதும் அத்தை தனியாக "மரண நேரத்திலும்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். பெரியவன் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிக்கிறான். அவனை அதட்டினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும், அதனால் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை வந்தால் இன்னொரு தகராறு. செபமாலையில் பத்து மணிக்கு ஒன்றாக, இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகளை நினைத்துச் சொல்வோம்; அவைதான் மறையுண்மைகள். வியாழனுக்கான ஒளியின் மறையுண்மைகளை இரண்டாம் ஜான் பால் 2002-ல் சேர்த்தார். அத்தைக்கு வியாழன் என்றால் பழையபடி சந்தோஷ தேவ இரகசியம் (மறையுண்மைக்கு அவர் காலத்துப் பெயர்), அவ்வளவுதான். பெரியவன் போனைக் காட்டி, "போப் சேர்த்தது பாட்டி, இப்போ மொத்தம் இருபது" என்றான். "போப்பாண்டவர் சேத்தா சேக்கட்டும்ல. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? எனக்குப் பதினஞ்சு போதும்" என்றார் அத்தை.

முடிச்சு அவிழ்ந்தது வேறு விதமாக. ரெண்டு நாள் கழித்து, தலை பின்னும்போது மகள் கேட்டாள்: "பாட்டி, பிரியதத்தம்னா என்ன?" அத்தை சீப்பை நிறுத்தினார். "அர்த்தம் தெரிஞ்சா சொன்னேன்? எங்கம்மா சொன்னா, நான் சொன்னேன்." எழுபத்தைந்து வருடமாகத் தினமும் ஐம்பது தடவைக்குக் குறையாமல் சொன்ன சொல்! எனக்கும் அதுவரை தெரியாது. 'தத்தம்' என்றால் கொடுக்கப்பட்டது. தத்துப் பிள்ளை என்கிறோமே, அதே சொல். பிரியத்தோடு கொடுக்கப்பட்டது, பிரியதத்தம். அருள் என்பதற்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர். இதைத் தேடிப் பார்த்துச் சொன்னேன். மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சிஸ்டர் சொன்னதும் பாட்டி சொன்னதும் ஒண்ணுதானா?" என்றாள். பிறகு பாட்டி பக்கம் திரும்பி, டீச்சர் மாதிரி விரலை ஆட்டி, அவருக்கே பாடம் எடுத்தாள். அத்தை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

உங்கள் வீட்டில் எப்படி?

பெங்களூர் அம்மா:

உங்கள் வீட்டில் ரெண்டு தமிழ்தானே. இங்கே எங்களுக்குப் பக்கத்தில் கிடைப்பது இங்கிலீஷ் பூசை. பிள்ளைகள் ஹெயில் மேரிதான் சொல்கிறார்கள். அக்டோபர் செபமாலை மாதம் என்பதால், திருச்சியிலிருந்து என் அம்மா தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டுவிடுவார். அவர் குரல் ரெண்டு வினாடி தாமதமாக வரும். நாங்கள் ஒரு மணி, அவர் ஒரு மணி. தலைவலி வந்துவிடும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் அவரை மியூட்டில் போட்டுவிட்டுச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைகிறது, மணி நகர்கிறது, சரி என்று இருந்தேன். முடிந்ததும் சத்தத்தைத் திறந்தால் அம்மா சொல்கிறார்: "என் சத்தம் உனக்குக் கேக்கலன்னா பரவாயில்ல, மாதாவுக்குக் கேக்கும். சப்பாத்தி தீயுது பாரு."

நாகர்கோவில் பக்கம்:

என் வீட்டுக்காரர் இந்து. செபநேரத்தில் வந்து உட்காரமாட்டார், டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். எனக்கு அது போதும். தவக்காலம் நாற்பது நாளும் நான் கறி சமைப்பதில்லை. புரட்டாசி சனிக்கிழமையும் கந்த சஷ்டியும் மாமியாருக்கு. "ரெண்டு சாமியும் பேசிவெச்சு என் கறியை நிறுத்துறாங்க" என்று என் மகன் புலம்புவான்.

மாமியார் செவ்வாய்க்கிழமை தவறாமல் என் கையில் பத்து ரூபாய் கொடுத்து, அந்தோணியாருக்கு மெழுகுதிரி வைக்கச் சொல்வார். என்ன வேண்டுதல் என்று சொன்னதே இல்லை. 2022 மே மாதம் 15-ம் தேதி ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் காட்டியபோது, என்னைவிட அவர்தான் முன்னால் போய் உட்கார்ந்தார். "நம்ம நட்டாலத்துப் பிள்ளை" என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னார். தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கியது 1745-ல், ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றது 1752-ல். அதெல்லாம் மாமியாருக்கு வேண்டாம். ஊர்க்காரர், அது போதும்.

அப்புறம், உங்கள் மகள் மறுவாரம் ஒப்பித்தாளா? அதைச் சொல்லவில்லையே.

தூத்துக்குடி மருமகள்:

சொல்ல மறந்தே போனேன். ஒப்பித்தாள், புத்தகத்தில் உள்ளபடி ஒரு எழுத்து பிசகாமல். முடித்த கையோடு, "பிரியதத்தம்னா என்னன்னு தெரியுமா சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறாள். அவருக்கும் தெரியவில்லை. சாக்பீஸைக் கொடுத்து போர்டில் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி.

இப்போது வியாழக்கிழமை மகள் முன்னால் சொல்கிறாள், சனிக்கிழமை அத்தை. சனிக்கிழமையில் நாங்கள் எல்லாரும் பிரியதத்தம். எனக்கு இன்னும் நாக்கு தடுக்குகிறது.

அன்று மறைக்கல்வி முடிந்து ஓடிவந்து போர்டு கதையைப் பாட்டியிடம்தான் முதலில் சொன்னாள். அத்தை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி:

"ஏட்டி, அன்னைக்கு ஸ்திரீக்குச் சிரிச்ச பிள்ளைய எல்லாம் அங்க இருந்துச்சா?"

"இருந்தாங்க பாட்டி."

"சரி. மெழுகுதிரிய ஏத்து."