ஐஎஸ்ஓவில் வராத பாட்டு: தானே புயலில் நனைந்த க்வேக் சிடி

மஞ்சக்குப்பம், கடலூர்:
பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது ட்ரங்குப் பெட்டியிலிருந்து அண்ணனுடைய க்வேக் சிடி கிடைத்தது. 1996ல் வந்த, துப்பாக்கியால் சுட்டு ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டு. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்து, அந்தப் பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. சிடியின் அடிப்பக்கம் முழுக்கப் பூசணம். மெல்லிய துணியை நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் டேட்டா ஓடும் தடத்தோடு சேர்ந்தே விழும். படம் அச்சடித்த மேல்பக்கத்தைத் தொடவே இல்லை. எல்லாரும் அடிப்பக்கத்துக்குத்தான் பயப்படுகிறோம். வெள்ளி போல மின்னும் அலுமினியப் பூச்சு இருப்பதோ மேலே, அச்சு மைக்குக் கீழே. அதற்குக் காவல் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான்.

யூஎஸ்பி டிவிடி டிரைவில் போட்டு ஐஎஸ்ஓ, அதாவது சிடியின் டேட்டாவை ஒரே கோப்பாக நகல், எடுத்தேன். பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓடிவிட்டது! துப்பாக்கிச் சத்தம், உறுமல் எல்லாம் அப்படியே. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். ஆனால் பாட்டு எங்கே? க்வேக் சிடியில் முதல் ட்ராக்தான் டேட்டா. 2 முதல் 11 வரை பத்தும் ஆடியோ ட்ராக், நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் இசை. சாதாரண பாட்டு சிடி மாதிரியே பதிந்தது. ஐஎஸ்ஓ முதல் ட்ராக்கோடு நின்றுவிடும், விளையாட்டும் குறை சொல்லாமல் ஓடும்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய ஒரு கார் பந்தய சிடியில் நானும் ஐஎஸ்ஓ மட்டும் எடுத்துவிட்டு, சிடியைத் தெரிந்த பையனுக்குக் கொடுத்துவிட்டேன். பாட்டு வரவில்லை என்று கவனித்தபோது சிடி கை மாறிப் போயிருந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் சிடியை யாருக்கும் கொடுக்காதீர்கள். முழு வட்டையும் பின் (.bin), க்யூ (.cue) என்று இரண்டு கோப்பாக எடுங்கள். பின் கோப்பில் எல்லா ட்ராக்கும் இருக்கும், எது எங்கே தொடங்குகிறது என்பதை க்யூ சொல்லும்.

இன்னொன்று. சிடியில் எல்லாமே செக்டர் என்ற சின்னத் துண்டுகளாகத்தான் இருக்கும். டேட்டா செக்டரில் 2352 பைட்டில் 2048தான் சரக்கு, மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. ஆடியோ செக்டரில் 2352ம் ஒலிதான், அந்தக் கூடுதல் காப்பு கிடையாது. அதனால் டேட்டா தப்பிய இடத்திலும் பாட்டில் ‘டிக்’ விழலாம். டிரைவை மெதுவான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
அண்ணே, லினக்ஸில் சிடிஆர்டிஏஓ (cdrdao) என்ற சிடி நகலெடுக்கும் மென்பொருளை வைத்து எடுத்தேன். சிடி நகலை நிஜ சிடி போலக் காட்டும் டாஸ்பாக்ஸின் imgmount கட்டளையில் க்யூவைக் கொடுத்தேன். விளையாட்டு ஓடுகிறது, ஆனால் பாட்டு வர வேண்டிய இடத்தில் காது கிழிகிற இரைச்சல். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டதா?

திருப்பாதிரிப்புலியூர்:
சிடி நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போன இடத்தில் விட்டு விட்டுத்தான் சத்தம் வரும், பத்து ட்ராக்கும் ஒரே மாதிரி இரையாது. ஒலியின் ஒவ்வொரு சாம்பிளும் (ஒரு கணத்து ஒலியின் அளவு) 16 பிட், அதாவது 2 பைட். சிடிஆர்டிஏஓ ஆடியோவை எழுதும்போது அந்த இரண்டு பைட்டையும் முன்பின்னாக வைக்கும். எனக்கும் முதல்முறை அப்படித்தான் ஆனது, ஒரு ராத்திரி முழுக்க சிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பைட் வரிசையை மாற்றிப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
மாற்றினேன், வந்துவிட்டது! ஏழாவது ட்ராக்கில் மட்டும் இரண்டு இடத்தில் ‘டிக்’. ஆடியோ ட்ராக்கைக் கவனமாகப் படிக்கும் சிடிபாரனோயா மென்பொருளில் அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்க விட்டதில் ஒன்று போய்விட்டது.

இந்த விளையாட்டில் பாட்டு இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டில் இருந்த அசெம்பிள் கம்ப்யூட்டரில் சிடி டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் சின்ன ஆடியோ வயரை மாட்டவே இல்லை. பின்னால் ஒருநாள் அண்ணன் மூடியைக் கழற்றியபோது டிரைவின் பின்னால் அந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எதற்கென்று அப்போது புரியவில்லை. அந்த வயர் இல்லாமல் டேட்டா வரும், பாட்டு வராது. இருட்டு நடையில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும், அதுதான் விளையாட்டு என்று நினைத்துப் பல ராத்திரி பயந்து பயந்து ஆடினோம்.

நேற்று ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இது எந்த கேம்டா?” என்றார்.